ஒரு ரூபாய் மேலே

சனிக்கிழமை காலையில் பட்டாசுக் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்ட சங்கிலிமுத்துவுக்கு, கண்ணாடி மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. வியாழக்கிழமை தன் கையால் அறுநூற்றைம்பது என்று விலை போட்ட கிஃப்ட் பாக்ஸ், இப்போது நானூற்றுத் தொண்ணூற்று இரண்டில் நின்றது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நானூற்றுத் தொண்ணூறு. துடைக்கிற நேரத்தில் இரண்டு ரூபாய் போயிருந்தது.

"ஏ மாரி, கம்ப்யூட்டர்ல கைய வச்சியா?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

"எனக்கு வேற சோலி இல்ல பாருங்க" என்றாள் அவர் மனைவி மாரீஸ்வரி, அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே. "நேத்து நீங்கதான அதுகூட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தீக?"

அந்தப் பெட்டிக்குள் போகிற சரக்குக்கே நானூற்றைம்பது ஆகிறது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் ஒவ்வொரு பெட்டியோடும் கைக்காசையும் சேர்த்துக் கட்டி அனுப்ப வேண்டியதுதான். புரட்டாசி பாதி தாண்டிவிட்டது. சீசன் உச்சத்தில் இருக்கிறது. விலை மட்டும் யாரையும் கேட்காமல் படியிறங்கிக்கொண்டிருந்தது.

சிவகாசிப் பட்டாசு விலையை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது லேசான காரியம் இல்லை. பெட்டி மேல் இரண்டாயிரத்து ஐந்நூறு என்று அச்சடித்திருக்கும். எண்பது சதவீதம் தள்ளுபடி என்று கொட்டை எழுத்தில் போட்டு ஐந்நூறுக்குக் கொடுப்பார்கள். நேர்மையாக ஐந்நூறு என்று மட்டும் போட்டுப் பாருங்கள், ஒரு பயல் வாங்க மாட்டான். "தள்ளுபடி இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவான். பட்டாசை இணையத்தில் விற்கக் கூடாது என்பதால் வலைத்தளத்தில் விலையை மட்டும் காட்டுவார்கள். அதைப் பார்த்து ஆட்கள் போன் பண்ணுவார்கள், பேசி முடித்ததும் லாரியில் லோடு போகும். ஆகையால் விலைதான் இங்கே கடை. விலை சரியில்லை என்றால் போன் அடிக்காது.

அந்த விலையைப் பார்த்துக்கொள்ளத்தான் வெள்ளிக்கிழமை சினேகா கம்ப்யூட்டரில் ஒரு டூல் போட்டுக் கொடுத்திருந்தாள். விஸ்வநத்தம் ரோட்டில் மாடியில் அவளுடைய ஆபீஸ். ஊரில் பாதிக் கடைகளுக்கு வலைத்தளம் அவள் செய்து கொடுத்ததுதான். படங்களும் நிறமும் மாறும், உள்ளே எல்லாம் ஒரே அச்சு. "அண்ணாச்சி, நீங்க ஒரு கடைய மட்டும் காட்டுங்க. கால்மணிக்கு ஒருக்கா இது போய் அவுக விலையப் பாத்துட்டு வந்து, அதைவிட ஒரு ரூவா கம்மியா நம்ம விலையப் போட்டுரும். நீங்க நிம்மதியா இருக்கலாம்" என்று சொல்லியிருந்தாள்.

எந்தக் கடை என்று கேட்டு ஒரு நீளமான பட்டியலும் வந்தது. சங்கிலிமுத்து ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போய் "தாய் கிராக்கர்ஸ்" என்ற பெயரைத் தொட்டார். இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு விலை வைத்துக்கொள்ளவும் ஒரு கட்டம் இருந்தது. "அது எதுக்கு? அவ எம்புட்டு இறக்குனாலும் நான் அதுக்குக் கீழதான்" என்று அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டார். வீறாப்புக்கு எல்லை வைப்பது கௌரவக் குறைச்சல் அல்லவா!

அவ என்று அவர் சொன்னது கூடப்பிறந்த அக்கா சண்முகத்தாயை.

இரண்டு பேரும் நாரணாபுரத்துக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பார்த்தவர்கள். லேபிள் ஒட்டி ஒட்டிச் சரக்கும் விலையும் பழகி, கையிலிருந்ததைப் போட்டுக் கடை வைத்தார்கள். "சங்கிலித்தாய் பட்டாசுக் கடை" என்று இரண்டு பெயரையும் சேர்த்து அக்காதான் போர்டு எழுத வைத்தாள். ஒவ்வொரு வருஷமும் ஆடியில் விலைப்பட்டியல் அச்சடித்ததும் முதல் பிரதியை இருக்கன்குடிக்குக் கொண்டுபோய் மாரியம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வருவார்கள். ஆத்தா முன்னால் வைத்த விலை தீபாவளி வரைக்கும் மாறக் கூடாது. மழை பெய்தாலும் சரி, பக்கத்துக் கடைக்காரன் பாதிக்குப் பாதி கொடுத்தாலும் சரி. இது அவர்களாக வைத்துக்கொண்ட சட்டம், அதிலும் அக்கா வைத்த சட்டம்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில் மழை அடித்து ஊற்றியது. குடோனில் சரக்கு தேங்கிவிட்டது. அக்கா ஊரில் இல்லாத நேரத்தில், ஐந்நூறு என்று ஆத்தா முன்னால் வைத்த கிஃப்ட் பாக்ஸை நானூற்று நாற்பதாக்கிச் சங்கிலிமுத்து தள்ளிவிட்டார். சரக்கு என்னவோ தீர்ந்துவிட்டது. திரும்பி வந்த அக்கா சத்தம் கூடப் போடவில்லை. "ஆத்தா முன்னாடி வச்ச விலையவே மாத்திட்டியேலே. இனி உன் வாக்க எவன் நம்புவான்?" என்று மட்டும் கேட்டாள். அவரும் ரோஷத்தில், "மழைல சரக்கு நமத்துப்போனா ஆத்தாவா வந்து வாங்குவா?" என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. போர்டு இரண்டாகப் பிளந்தது. இவர் சங்கிலி கிராக்கர்ஸ், அவள் தாய் கிராக்கர்ஸ். அன்றோடு பேச்சும் நின்றது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். இப்போதுள்ள விஷயம்தான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அக்காள் மகள் ஐஸ்வர்யாவுக்குக் கார்த்திகையில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். ஊரெல்லாம் அவரிடம் வந்து, "என்ன தாய்மாமா, சீர் பலமா?" என்று கேட்டது. அக்கா வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. தாய்மாமன் இல்லாமல் ஒரு கல்யாணமா? பத்திரிகையில் அவர் பெயர் இருக்குமா, மாலை எடுத்துக் கொடுக்கக் கூப்பிடுவார்களா, இல்லை மண்டபத்தைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியதுதானா? அச்சாபீஸ்களைக் காலண்டர் வேலை நெருக்குவதற்குள் கல்யாண வீட்டார் அவரவர் பத்திரிகையை அடித்து வாங்கிவிடுவது இந்த ஊர் வழக்கம். இந்நேரம் அடித்திருப்பார்கள் என்று அவர் மனம் ஒரு பக்கம் சொன்னது. அக்கா அப்படிச் செய்ய மாட்டாள் என்று இன்னொரு பக்கம் சொன்னது. எதை நம்புவது என்று தெரியாமல் மனுஷன் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதையே மறந்துபோனார்.

"நீங்களே ஒரு எட்டு போய்ட்டு வாங்களேன்" என்று மாரீஸ்வரி சொல்லிப் பார்த்தாள்.

"கூப்பிடாத வீட்டுக்கு எப்படிடீ போறது?"

"அக்கா வீட்டுக்கு எதுக்குக் கூப்பிடணும்?"

பதில் இல்லாதபோது ஆண்கள் வழக்கமாகச் செய்வதை அவரும் செய்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார்.

சினேகாவின் மாடிக்கு ஏறும்போதே செல்போனில் விலை நானூற்று எண்பத்தாறு என்று காட்டியது.

"ஏத்தா, உன் டூலுக்குப் பேய் பிடிச்சுருச்சு" என்றார் மூச்சு வாங்க. "நான் ஒண்ணுமே பண்ணல, அது பாட்டுக்கு இறங்குது."

சினேகா எதையோ தட்டிப் பார்த்தாள். திரும்பத் தட்டினாள். அவள் முகமும் கோணியது. "இது சரியாத்தான அண்ணாச்சி வேலை செய்யுது. தாய் கடை இறங்குது, நீங்க இறங்குறீக."

"அவ ஏன் இறங்குறா?"

"இருங்க." இன்னொரு பக்கத்தைத் திறந்து பார்த்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயையோ. இத நான் சொல்லக் கூடாது. ஆனா சொல்லாட்டி உங்களுக்குப் புரியாது. அந்த அக்காவுக்கும் இதே டூலத்தான் போட்டுக் குடுத்தேன். அவுக காட்டியிருக்கிறது உங்க கடைய. நீங்க ஒரு ரூவா இறங்குனா அவுக ஒரு ரூவா இறங்குறாக. அவுக இறங்குனா நீங்க. ராப்பகலா ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டே கீழ போய்க்கிட்டு இருக்கு."

சங்கிலிமுத்து அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "அவளாத்தான் என் கடையக் காட்டுனாளா? நீயா போட்டு விட்டியா?"

"நான் எதுக்குப் போடுறேன்? பட்டியல்ல ஊர்க்கடை அம்புட்டும் இருக்கு. அவுகளேதான் தேடி எடுத்தாக. கீழ் எல்லை போடுங்கன்னதுக்கும் வேண்டாம்னுட்டாக, உங்கள மாதிரியே."

அவருக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்றே தெரியவில்லை. இத்தனை கடை இருக்கிற ஊரில் இவளுக்கு வேறு கடை கிடைக்கவில்லையா? அழிக்கத்தான் தேடினாளா, இல்லை பார்த்துக்கொண்டே இருக்க ஒரு சாக்கு வேண்டுமென்று தேடினாளா? அவள் மனதைக் கண்டுபிடிக்க முயன்றபோது தன் மனதே தனக்குப் பிடிபடவில்லை. அவர் மட்டும் எதற்காக அந்தப் பெயரைத் தொட்டார்? தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இங்கே ஆடியது சதையா பகையா என்று அவருக்கே வெளிச்சமில்லை.

"என்னோடத நிறுத்திரு. இனி நானே கையால போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கடைக்கு வந்ததும் பயந்து பயந்து ஐந்நூற்று இருபது என்று போட்டார். போட்டுவிட்டு அக்கா கடைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அங்கே ஐந்நூற்றுப் பத்தொன்பது என்று ஏறியது.

சங்கிலிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏற்றியிருக்கிறாளே! ஐந்நூற்று முப்பது போட்டார். காத்திருந்தார். ஐந்நூற்று இருபத்தொன்பது வந்தது. "ஏ மாரி, இங்கன வா! அக்கா பதில் சொல்லுதா!"

மாரீஸ்வரி டேப்போடு வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன சொல்லுதாக?"

"நான் ஏத்துனா ஏத்துதா. நான் இறக்குனா பாரு, இறக்குவா." ஐந்நூற்றுப் பத்து போட்டார். கால்மணி நேரத்தில் ஐந்நூற்று ஒன்பது வந்தது. "பாத்தியா? உடனே போட மாட்டா. நல்லா யோசிச்சுத்தான் போடுவா. சின்னதுல இருந்தே அக்கா அப்படித்தான்."

காலை முழுக்க இதே கூத்து. வாய் திறந்து பேசாத அக்காவும் தம்பியும் விலையில் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்து நினைத்து அவர் அடுத்த விலையைப் போட்டார். பாவம், போனில் விலை கேட்ட ஓர் ஓசூர்க்காரர், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விலை சொல்கிறார்களே என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். அது சங்கிலிமுத்துவின் காதில் ஏறவே இல்லை.

மத்தியானம் சினேகா கூப்பிட்டாள். "அண்ணாச்சி, எதுக்கு இப்படி ஏத்தி ஏத்தி இறக்குறீக? ஆர்டர் குடுக்கிறவுக குழம்பிப் போறாக."

"நாங்க அக்கா தம்பி பேசிக்கிறோம்த்தா. நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு" என்றார் சந்தோஷமாக.

"அக்காவா? அக்காவோட டூல் ஓடிக்கிட்டுத்தான இருக்கு. நீங்க என்ன போட்டாலும் அது ஒரு ரூவா கம்மியாப் போடும். அக்கா கடைலயே இல்ல அண்ணாச்சி. மாப்பிள்ள வீட்டாளுகளோட காலைலயே இருக்கன்குடிக்குப் போய்ட்டாகளாம்."

போனை வைத்தார். காலையிலிருந்து ஒரு மெஷினோடு உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருந்தோமே என்ற வெட்கம் ஒரு பக்கம். மாப்பிள்ளை வீட்டாரோடு இருக்கன்குடிக்கு எதற்குப் போவார்கள்? முதல் பத்திரிகையை ஆத்தா காலடியில் வைக்கத்தான் போவார்கள். அப்படியானால் பத்திரிகை அடித்தாகிவிட்டது, தன் பெயர் இல்லாமலே அடித்தாகிவிட்டது. அந்த எண்ணம்தான் அவரைப் போட்டு அமுக்கியது. அழுகை வந்தது. மாரீஸ்வரி பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கிஃப்ட் பாக்ஸ் விலையை ஐந்நூறு என்று மாற்றினார். அவர்கள் சேர்ந்து கடைசியாக ஆத்தா முன்னால் வைத்த விலை அது, மாற்றக் கூடாது என்று தெரிந்தும் அவர் மாற்றிய விலை.

"மாரி, தீபாவளி வரைக்கும் இதுதான் விலை. யாரு கேட்டாலும், எங்கன இறங்குனாலும் மாத்தப்போறதில்ல."

"அப்போ இருந்த விலைக்கு இப்போ குடுத்தா நமக்கு என்ன மிஞ்சும்?"

"என்னமோ மிஞ்சும். வாக்கு மிஞ்சும்."

அக்கா கடையில் வழக்கம்போல நானூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்து நின்றது. டூல் அதன் கடமையைச் செய்தது. மறுநாளிலிருந்து போன் பண்ணினவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "தாய் கடையில ஒரு ரூபாய் கம்மி சார். நீங்களும் குறைச்சுக்குங்க." ஒரு ரூபாய்தானே என்று நீங்கள் நினைக்கலாம். ஐந்நூறுக்கும் நானூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்று விற்கிறவனைக் கேட்டால்தான் தெரியும். போன் அடிப்பது குறைந்தது. கட்டி வைத்த பெட்டிகள் அப்படியே இருந்தன. மாரீஸ்வரி முதலில் முணுமுணுத்தாள், பிறகு திட்டினாள், பிறகு அவளும் ஓய்ந்துபோனாள். அவருக்கே சந்தேகமாக இருந்தது. யாருக்காக இதைச் செய்கிறோம்? அக்கா பார்க்கிறாளா? பார்த்தாலும் புரியுமா? இல்லை, கிறுக்குப் பிடித்துப்போய் விற்கிற சீசனில் சும்மா உட்கார்ந்திருக்கிறோமா? கை பலமுறை விலைப் பக்கம் போனது. போனதைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை போன் விடாமல் அடித்தது. ஓசூர்க்காரர் கூடக் கோபத்தை மறந்து கூப்பிட்டார். என்ன இது என்று அக்கா கடைப் பக்கத்தைத் திறந்த சங்கிலிமுத்து, மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தாய் கிராக்கர்ஸில் கிஃப்ட் பாக்ஸ் விலை ஐந்நூற்று ஒன்று.

அது எப்படி மேலே போகும்? ஒரு ரூபாய் கம்மியாகத்தானே போடும்? சினேகாவைக் கூப்பிட்டார். "ஏத்தா, அக்காவோட டூல் கெட்டுப்போச்சு போல. சீக்கிரம் சொல்லிச் சரி பண்ணு. வியாபாரம் கெட்டுப்போகும் அவளுக்கு."

"கெடல அண்ணாச்சி. விலை நானூத்தித் தொண்ணூத்தொம்பதுலயே நிக்குதே, ஏன்னு அக்கா கேட்டாக. அண்ணாச்சி டூல நிறுத்திட்டாக, ஐந்நூறுல போட்டுட்டு அசைய மாட்டேங்காகன்னு சொன்னேன். ஐந்நூறான்னு ரெண்டு தரம் கேட்டாக. அப்புறம் என்னோடதையும் நிறுத்துன்னாக. இது அக்கா கையால போட்ட விலை."

"ஒரு ரூவா கூட எதுக்குப் போட்டா?"

"அதான் எனக்கும் புரியல. எல்லாரும் ஒரு ரூவா கம்மியாத்தான் போடுவாக. கூடப் போட்டா எவன் வாங்குவான்?"

போனை வைத்துவிட்டு மாரீஸ்வரியைப் பார்த்தார். அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐந்நூத்தி ஒண்ணுன்னா மொய்யில்லையா?" என்றாள் மெதுவாக. "விசேஷத்துக்குத்தான ஒத்த ரூவா சேத்து வைப்பாக. எனக்கென்னமோ அக்கா கூப்பிடுதாகன்னு தோணுது."

"தப்பா இருந்துச்சுன்னா?"

"தப்பா இருந்தா திரும்பி வந்துருவோம். கிளம்புங்க."

நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். வாசல் வரை வந்த கால், வாசலில் நின்றுவிட்டது. கதவைத் திறந்த ஐஸ்வர்யா, "எம்மா, மாமா வந்திருக்காக!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி அக்கா வந்தாள். இரண்டு வருஷத்தில் நிறைய நரைத்திருந்தாள்.

யார் முதலில் பேசுவது என்று தெரியவில்லை. வியாபாரி ஆகையால் அவர் விலையிலேயே ஆரம்பித்தார். "எக்கா... அந்த ஒத்த ரூவா... மொய்யா?"

"மொய்யாவது கிய்யாவது" என்றாள் அக்கா. "ஆத்தா முன்னாடி வச்ச விலைல நீ நின்னுட்ட. நான் மெஷின வச்சு உனக்குக் கீழ போய் நிக்குறதா? வாரவுக மொதல்ல உன் கடைக்குப் போகட்டும்னுதான் ஒரு ரூவா மேல ஏறிக்கிட்டேன்."

சங்கிலிமுத்து கேட்க நினைத்ததைக் கேட்டே விட்டார். "இருக்கன்குடில பத்திரிகை வச்சாச்சா?"

"எந்தப் பத்திரிகைய வைக்க? அச்சாபீஸ்காரன் தாய்மாமன் பேரு என்னன்னு கேட்டான். பொறுங்கன்னுட்டு எழுந்து வந்துட்டேன். மாப்பிள்ள வீட்டாளுக நெருக்குதாக. என்ன செய்யட்டும்னு ஆத்தாட்ட கேக்கத்தான் போனேன். திரும்பி வந்து பாத்தா நீ ஐந்நூறுல நிக்குற." அவள் தம்பியின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். "உள்ள வாலே. வாசல்ல நின்னு எம்புட்டு நேரம் விலை பேசுவ?"